நைனார் வீட்டு கம்ப்யூட்டர் தானா போட்ட கட்டம்

மொதல்லயே சொல்லிடறேன் சார், பேய் பிசாசு, ஜோசியம், நல்ல நேரம் கெட்ட நேரம், இது எதையும் நான் நம்பறவன் கெடையாது. எங்கப்பா கறுப்புச் சட்டை போட்டவரு. எங்க வூட்ல ஒருத்தருக்கும் ஜாதகம் எழுதினதில்ல, என் கல்யாணமே ராகு காலம் பாத்து அதுலதான் நடந்துது. எனக்கு பொறந்த நேரம்னு ஒண்ணு தெரியவே தெரியாது, பொறந்த தேதி கூட ஸ்கூல்ல சேக்கும்போது ஹெட்மாஸ்டர் வாய்க்கு வந்தத எழுதினதுதான், எங்க கிளாஸ்ல பாதி பேருக்கு ஒரே பொறந்த நாளு. அப்படிப்பட்டவன் சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நீங்க சிரிச்சா கூட எனக்கு கோவம் வராது, அதுக்கெல்லாம் தெம்பு இல்ல இப்ப.

எண்பத்தொம்பதாம் வருஷம், வெயில் காலம். நான் அப்ப விழுப்புரத்துல டிவி, ரேடியோ மெக்கானிக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆள் ஒருத்தன் திரும்பற அளவுக்கு ஒரு ரூமு, அதான் கடை. வியாழக்கெழம ஆனா கடைய சாத்திட்டு பையத் தூக்கிக்கினு திண்டிவனம் போயிடுவேன், அங்க ஏழெட்டு வூடு எனக்கு வாடிக்கை. அதுல ஒரு வூடுதான் நைனார் வூடு. சமணங்க, செஞ்சி பக்கத்துல இருந்து வந்து ரொம்ப காலமா திண்டிவனத்துலயே இருக்கறவங்க. அவரு சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவரு, கணக்குல புலி. பையன் சிங்கப்பூர்ல இருந்து வரும்போது ஒரு கம்ப்யூட்டர வாங்கியாந்து குடுத்துட்டுப் போயிட்டான்.

கம்ப்யூட்டர்னா இப்ப நீங்க மனசுல நெனைக்கிறது இல்ல சார். ஒரு கீபோர்டு, அவ்ளோதான். அதுக்குள்ளயே எல்லாம் இருக்கும். வூட்டு டிவில ஒயர சொருகி சேனல் திருப்பி படம் புடிக்கணும். ப்ரோக்ராம் எல்லாம் பாட்டு கேக்கற கேசட்ல இருக்கும், டேப் ரெக்கார்டர்ல போட்டு ஓட விட்டா கீச்சு கீச்சுன்னு ஆறு ஏழு நிமிஷம் கத்தி அப்பால உள்ள ஏறும். ஏறி முடியறதுக்குள்ள கரண்டு ஒரு நொடி கண்ண மூடிச்சுன்னா போச்சு, அத்தினியும் மறந்துடும், மறுபடி மொதல்ல இருந்து கேசட்ட ஓட்டணும்.

நைனாரு அதுல ரெண்டு வருஷம் உக்காந்து ஜாதகம் கணிக்கற ப்ரோக்ராம் ஒண்ணு தானே எழுதினாரு. நேம், டேட், டைம் எல்லாம் ஒண்ணு ஒண்ணா கேக்கும். ஊருக்கு நம்பர் வெச்சிருந்தாரு, திண்டிவனத்துக்கு ஒண்ணு, விழுப்புரத்துக்கு ரெண்டு, பாண்டிச்சேரிக்கு மூணுன்னு. எல்லாம் குடுத்தா டிவில கட்டம் போட்டு கிரகம் எல்லாம் அது அது எடத்துல வந்து உக்காரும். அவரு அத நோட்டுல பாத்து எழுதி குடுப்பாரு. காசு வாங்க மாட்டாரு. கம்ப்யூட்டர் ஜாதகம்னு சொல்லிக்கினு மயிலம், வானூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வருவாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புதான். ஒரு நாளு அவர்கிட்டயே கேட்டேன், மெஷினு சொன்னா பொய் உண்மையாயிடுமா ஐயான்னு. அவரு கோவிச்சுக்கல. நீ ரிப்பேர் பாரு, நான் கட்டம் பாக்கறேன்னாரு.

அந்த மெஷினு எனக்கு குடுத்த பேஜாரு கொஞ்சம் நஞ்சம் இல்ல. வயசாயிப் போச்சு அதுக்கு. நம்மூரு வெயிலுக்கு செஞ்சதும் இல்ல. அரை மணி ஓடினா அடுப்புல வெச்ச தோசக்கல்லு கணக்கா கொதிக்கும், அடியில ரெண்டு டைல்ஸ் வெச்சு டேபிள் ஃபேன அதும்மேல திருப்பி வுட சொன்னேன். கேசட் ஏறலன்னு கூப்புடுவாரு, போயி பாத்தா டேப் ரெக்கார்டர் ஹெட்ல அழுக்கு, ஸ்பிரிட் தொட்டு துடைச்சு, ஹெட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஸ்க்ரூவ சத்தம் கூர்மையா வர்ற வரைக்கும் மயிரிழை மயிரிழையா திருப்பணும். அது காதுலதான் புடிபடும், மீட்டர்ல வராது. மோட்டார் கொட்டாய்க்கு எல்லாம் கரண்டு வுடற நேரம் வந்தா வோல்டேஜ் எறங்கி டிவி படம் சுருங்கி ஆடும், ஸ்டெபிலைசர் டக்கு டக்குன்னு அடிச்சுக்கினே இருக்கும். எல்லாத்துக்கும் மேல கீபோர்டு. கீக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, அதுல இருந்து நாடா மாதிரி ஒண்ணு வந்து உள்ள போர்டுல சொருகி இருக்கும். அந்த நாடா காஞ்சு காஞ்சு வெடிச்சிடும். வெடிச்சா ஒரு வரிசை எழுத்து அடிக்காது. வேற ஷீட்டு மெட்ராஸ்லயே கெடைக்காது, நுனிய கத்திரிச்சு வுட்டு மறுபடி சொருகி, அப்படியே காலத்த ஓட்டிக்கினு இருந்தேன்.

இப்ப என் வூட்டுக் கதைய கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா உங்களுக்கு மத்தது புரியாது. எனக்கும் சரோஜாவுக்கும் கல்யாணம் ஆயி எட்டு வருஷம். ரெண்டு தபா உண்டாயி ரெண்டு தபாவும் நிக்கல, ஒண்ணு மூணு மாசத்துல, ஒண்ணு அஞ்சுல. ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஜாதகம் பாக்காம கட்டினதாலதான்னு எங்க மாமியா நேராவே சொன்னாங்க. மூணாவது தபா உண்டாயி ஏழாவது மாசம் வந்துடுச்சு. வளையல் போட்டு கண்டமங்கலத்துக்கு அவங்க அம்மா வூட்டுக்கு கூட்டிக்கினு போயிட்டாங்க. மாமியா ஒரே கண்டிப்பு. பொறக்கற வரைக்கும் புள்ளைக்குன்னு ஒரு துண்டுத் துணி வாங்கக்கூடாது, தொட்டில் பேச்சு எடுக்கக்கூடாது, பேர் பத்தி வாயத் தொறக்கக்கூடாது. ரெண்டு போன வூட்ல மூணாவதுக்கு முன்கூட்டி எதுவும் பண்ணக்கூடாதுன்னாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லன்னாலும் நானும் அப்படியே நடந்துக்கினேன். இந்த ஒண்ணாவது நின்னுடணும், அது ஒண்ணுதான் அந்த வருஷம் பூரா என் தலைக்குள்ள இருந்துது. தனியா சமைச்சு தின்னுக்கினு, தனியா படுத்துக்கினு, வேலை முடிஞ்சு வந்து செவுத்தப் பாத்து உக்காந்துக்கினு இருப்பேன்.

அந்த வியாழக்கெழம நான் நைனார் வூட்டுக்குப் போனப்ப பதினொரு மணி இருக்கும். ராத்திரி எல்லாம் இல்ல சார், பட்டப்பகல். நம்பர் வரிசைல ரெண்டு கீ அடிக்கலன்னாரு. தொறந்து பாத்தேன், அதே நாடாதான், நுனில ஒரு கோடு வெடிச்சிருந்துது. கத்திரிச்சு, அழிரப்பர் வெச்சு தேச்சு, சொருகினேன். அதுக்குள்ள ஹால்ல ஊதுவத்தியும் வெயிலும் சேந்து எனக்கு கண்ணு சொருகுது. நைனாரு சாப்புட உள்ள போனாரு. அவங்க வூட்ல சாப்பாடு நேரம் ஒரு நிமிஷம் தப்பாது. நீயும் வாயேன்னாரு, நான் டெஸ்ட் பண்ணிட்டு ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும் ஐயான்னுட்டேன்.

எப்பவும் ரிப்பேர் முடிச்சா ஒரு ஜாதகம் போட்டு பாப்பேன். அதுலதான் எல்லா நம்பரும் அடிபடும். என்னோட ஸ்கூல் தேதியத்தான் போடுவேன், நேரத்துக்கு எதையாவது அடிப்பேன். நைனாரு பாத்துட்டு, அது உன் ஜாதகமே இல்லப்பா, ஹெட்மாஸ்டர் ஜாதகம்னு கிண்டல் பண்ணுவாரு. அன்னிக்கு கேசட்ட ஓட்டி, ப்ரோக்ராம் ஏறி, நேம்னு கேட்டுக்கினு நிக்குது. யாரும் இல்ல ஹால்ல. எனக்கு என்னா தோணிச்சுன்னா, டாக்டரம்மா குடுத்த தேதி இருக்கே, ரெண்டு மாசம் கழிச்சு, அதப் போட்டு பாக்கலாமேன்னு. தப்புன்னு தெரியும். பொறக்காத புள்ளைக்கு யாரும் கட்டம் போட மாட்டாங்க, எங்க மாமியா பாத்திருந்தா என்னய வெட்டிப் போட்டிருப்பாங்க. ஆனா நம்பாதவனுக்கு இன்னா தப்பு? ஆசைதான் சார், வேற ஒண்ணும் இல்ல. எட்டு வருஷமா எங்க புள்ளைன்னு எங்கயும் ஒண்ணும் எழுதினதில்ல, ஒரு தபா டிவில பாத்துக்கலாமேன்னு ஆசை.

நேம்ல ஒண்ணும் போடாம தாண்டிட்டு தேதிய அடிச்சேன். டிவில பாத்தா வேற தேதி நிக்குது.

வெரலு தப்பிப்போச்சுன்னு அழிச்சிட்டு மறுபடி அடிச்சேன், மறுபடி அதே வேற தேதி. அடுத்த செவ்வாக்கெழம தேதி அது. அஞ்சே நாளு. தேதிய சொல்ல மாட்டேன், விட்டுடுங்க, எம்பொண்ணோட பொறந்த நாளு அது. எனக்கு அப்ப பயம் ஒண்ணும் இல்ல, எரிச்சல்தான். ரெண்டு கோடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினா இப்படி ஒண்ணு அமுக்கினா வேற ஒண்ணு வரும், நாடாவுல ஸ்பிரிட் ஈரம் இருந்திருக்கும்னு நெனைச்சேன். ஆஃப் பண்ணி, மறுபடி தொறந்து, காய வெச்சு, ஊதி, ஒவ்வொரு கோடா மீட்டர் வெச்சு பாத்து, சொருகினேன். சும்மா வெறும் ஸ்கிரீன்ல ஜீரோல இருந்து ஒம்பது வரைக்கும் அடிச்சேன், ஒண்ணு கூட தப்பல. நாலு தபா அடிச்சேன். கேசட்ட திருப்பி ஓட்டி ஏத்தினேன். தேதி கேட்டுது. அடிச்சேன். செவ்வாக்கெழம தேதிதான் வந்து நிக்குது.

இப்ப ஒரு வேலை பண்ணேன், பண்ணக்கூடாத வேலைதான். கரண்டு ஓடிக்கினு இருக்கும்போதே மேல் மூடியத் தூக்கி நாடாவ உருவிட்டேன். ஆஃப் பண்ணா மறுபடி கேசட் ஓட்டணுமே, அந்த அலுப்பு. கோளாறு கீபோர்டுலயா போர்டுலயான்னு இதுல தெரிஞ்சிடும். கீபோர்டு தனியா, மெஷினு தனியா ஆயிடுச்சு. இதுக்கு மேல யாரு எத அமுக்கினாலும் உள்ள போறதுக்கு வழியே இல்ல. கீபோர்டோட சேந்த அந்த மூடிய கழட்டி பக்கத்து ஸ்டூல்ல வெச்சேன். ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கினு டிவியப் பாத்துக்கினு உக்காந்தேன்.

அது தேதிய ஏத்துக்கினு அடுத்த கேள்விக்குப் போச்சு. டைம். அதுல மெதுவா, ஒரு வெரலால தட்டித் தட்டி அடிக்கறவங்க மாதிரி, ஒண்ணு, ஒண்ணு, அஞ்சு, ரெண்டு. பதினொண்ணு அம்பத்திரெண்டு. அப்பால ஊரு நம்பர். மூணு. பாண்டிச்சேரி.

சத்தியமா சொல்றேன், என் கையி மடியிலதான் இருந்துது. ஸ்டெபிலைசர் கூட அந்த நேரம் சத்தம் போடல. உள்ள நைனாரு தண்ணி குடிக்கற சத்தம், டம்ளர கீழ வெக்கற சத்தம் கேக்குது. இது சூட்டுல சிப்பு கெட்டுப் போயி கண்டதையும் காட்டுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். கெட்டுப் போன சிப்பு கண்டத அடிக்கும், ஆனா கேட்ட கேள்விக்கு சரியான பதில அடிக்காது. அது எனக்குத் தெரியும். பதினஞ்சு வருஷ மெக்கானிக்கு நான்.

டிவில கட்டம் வரிசை வரிசையா வந்துது. கிரகம் ஒண்ணு ஒண்ணா வந்து உக்காந்துது. பொய் சொல்ல மாட்டேன் சார், எனக்கு அந்த நேரம் சந்தோஷமா இருந்துது. என்னா ஏதுன்னு புரியல, இருந்தாலும் சந்தோஷம்தான். எம்புள்ளைக்கு ஒரு கட்டம். அது இருக்குன்னு ஒருத்தரு ஒத்துக்கின மாதிரி.

கட்டம் முடிஞ்சா அடியில ஒரு கேள்வி வரும், இன்னொரு ஜாதகம் போடணுமான்னு. வேணும்னா ஒண்ணு, வேணாம்னா ரெண்டு அமுக்கணும். நான் பாத்துக்கினு இருக்கும்போதே ஒண்ணு வந்து நின்னுது.

ஸ்கிரீன் காலியாயிடுச்சு. மறுபடி நேம். அத தாண்டிச்சு. டேட். அதே செவ்வாக்கெழம. இதுக்கு ஒரு முடிவே இல்லாம அடிச்சிக்கினே போகப் போகுதுன்னு ஒரு பயம். ரெண்ட அமுக்கி நிறுத்தலாம்னா கீபோர்டு ஸ்டூல் மேல கெடக்குது. டைம்னு வந்துது. ஒண்ணு, ரெண்டு. பன்னெண்டுன்னு வந்து, அடுத்த எழுத்து வர்றதுக்குள்ள நான் எட்டி மெஷினோட பிளக்க புடுங்கிட்டேன்.

டிவில வெறும் புள்ளி புள்ளியா எரைச்சல். மணிய பாத்தேன். ஒண்ணு ஆகப் போவுது.

நைனாரு கை துடைச்சிக்கினே வெளிய வந்தாரு. என் மூஞ்சியப் பாத்துட்டு ஷாக் அடிச்சிடுச்சான்னு கேட்டாரு. நான் அவர்கிட்ட பாதிதான் சொன்னேன். இந்த மாதிரி, எங்க புள்ளைக்கு டாக்டரம்மா சொன்ன தேதிய போட்டேன், அது மாத்திக்கிச்சு, நாடாவ உருவியும் தானா நேரம் அடிச்சிச்சுன்னு. ரெண்டாவதா ஒண்ணு ஆரம்பிச்சத சொல்லல. ஏன் சொல்லலன்னா, ஏதோ சொல்லல. பிளக்க புடுங்கினது பயந்துக்கினு புடுங்கினது, அது வெக்கமா இருந்திருக்கும்.

அவரு மொதல்ல திட்டினாரு. அந்த மனுஷன் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தபாதான். பொறக்காத புள்ளைக்கு எவனாவது கட்டம் போடுவானான்னாரு. அப்பால உக்காந்து, தேதி இன்னா, நேரம் இன்னா, ஊரு எதுன்னு கேட்டு தாள்ல குறிச்சாரு. இத பாருப்பா, ஏழு மாசத்துல பொறந்தா கண்டமங்கலத்துல மருத்துவச்சி கையில தங்காது, செவ்வாக்கெழம காத்தால பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரில இருன்னாரு. எனக்கு சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. நான் இதெல்லாம் நம்பறவன் இல்லன்னு உங்களுக்கே தெரியும் ஐயான்னேன்.

அவரு சொன்னது இன்னிக்கும் காதுல இருக்குது. "நீ நம்பாத. நம்பாமயே கூட்டிக்கினு போ."

விழுப்புரம் வந்துட்டேன். வெள்ளி, சனி கடையில உக்காந்தேன், சோல்டரிங் அயர்ன் கையில இருக்கு, எத பண்றேன்னே தெரியல. அப்பா சொல்லிக் குடுத்தது ஒரு பக்கம், அந்த பதினொண்ணு அம்பத்திரெண்டு ஒரு பக்கம். ஞாயித்துக்கெழம ஒரு டிவிய கெடுத்தே வெச்சேன். திங்கக்கெழம சாய்ந்தரம் பொறுக்க முடியாம கண்டமங்கலத்துக்கு பஸ் ஏறிட்டேன். போனா சரோஜா நல்லாத்தான் இருக்கா, ஒக்காந்து மல்லாட்ட, அதான் வேர்க்கடலை, ஒரிச்சிக்கினு இருக்கா. கொஞ்சம் முதுகு வலின்னா, அவ்ளோதான். நாளைக்கு காத்தால பாண்டில தெரிஞ்ச டாக்டர் வர்றாரு, ஒரு தபா காட்டிட்டு வந்துடலாம்னு பொய் சொன்னேன். மாமியா தாண்டவம் ஆடிட்டாங்க. செவ்வாக்கெழம, ஏழு மாசக்காரி, குலுங்கற பஸ்ல. ஏற்கனவே ரெண்ட தொலைச்சது போதாதான்னு கேட்டாங்க. சரோஜாதான், அவரு கூப்புடறாரு, போயிட்டு வந்துடறேன்மான்னு எழுந்தா. என்னய நம்பி எழுந்தா.

மறுநாளு காத்தால ஒம்பது மணி பஸ்ஸு. வில்லியனூர் தாண்டறதுக்குள்ள என் கையப் புடிச்சா, நகம் பதிஞ்சிடுச்சு. பஸ்ஸுல தண்ணி ஒடைஞ்சு, எறங்கி ஆட்டோ புடிச்சு, ஆஸ்பத்திரிக்குள்ள தள்ளிக்கினு போனது எதுவும் எனக்கு வரிசையா ஞாபகம் இல்ல. கதவ சாத்திட்டாங்க. வராண்டால பென்ச்சு எல்லாம் நெறஞ்சு கெடக்குது, நான் செவுத்தோரமா தரையிலயே உக்காந்துட்டேன். கடிகாரத்தப் பாக்கக்கூடாதுன்னு தலைய குனிஞ்சிக்கினேன். பூனை கத்தற அளவுக்கு சின்னதா ஒரு சத்தம் கேட்டுது. ஒரு நர்சம்மா எட்டிப் பாத்து, பொண்ணு, ரொம்ப சின்னது, ஆனா மூச்சு இருக்கு, ஜல்தி கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெக்கணும்னாங்க. நேரம் இன்னா சிஸ்டர்னு கேட்டேன். பதினொண்ணு அம்பத்திரெண்டுன்னாங்க.

அழுதுட்டேன் சார். நைனாருக்கு அங்க இருந்தே கையெடுத்து கும்புட்டேன். கண்டமங்கலத்துல இருந்திருந்தா அந்தப் புள்ள அரை மணி தாங்காதுன்னு டாக்டரே அப்பால சொன்னாரு.

நர்சம்மா உள்ள போயிட்டு, கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தாங்க. மூஞ்சி வேற மாதிரி இருந்துது. இன்னொண்ணு இருக்குதுப்பா, ரெட்டைன்னு உங்களுக்கு யாரும் சொல்லலயான்னு கேட்டாங்க. அந்தக் காலத்துல எங்களுக்கு ஸ்கேனு இன்னான்னே தெரியாது, கை வெச்சு பாக்கறதுதான். எனக்கு அவங்க பேசினது அதுக்கு மேல கேக்கல. பன்னெண்டுன்னு வந்து நின்ன அந்த எழுத்துதான் கண்ணு முன்னாடி நிக்குது.

பன்னெண்டு நாலுக்கு பொறந்துது. ஆம்பளப் புள்ள. அழல.

டாக்டரு என்னய தனியா கூப்புட்டு சொன்னாரு. இப்ப போனது இல்ல, வயித்துக்குள்ளயே போயி நாலஞ்சு நாள் ஆயிருக்கும், தோலப் பாத்தா தெரியுது, அதனாலதான் வலி முன்கூட்டி வந்திருக்கும்னாரு. ஏன் சார்னு கேட்டேன். சில நேரம் காரணமே தெரியாதுப்பான்னாரு. துணில சுத்தி என் கையில குடுத்தாங்க. மூஞ்சிய நான் பாத்தேன். சரோஜாவுக்கு காட்ட வேணாம்னு எல்லாரும் சொன்னதால காட்டல. அது ஒரு தப்பு, காட்டியிருக்கணும்.

நாலஞ்சு நாளுன்னா நீங்களே எண்ணிக்குங்க. நான் எண்ணி எண்ணி சலிச்சுப் போயிட்டேன்.

அந்தப் புள்ள ஏற்கனவே போயிட்டதாலதான் மெஷினு அத சொல்ல வந்துதா, இல்ல நான் பிளக்க புடுங்கினதாலதான் போச்சான்னு எத்தினி தபா யோசிச்சிருப்பேன் தெரியுமா. ஒரு மெஷினுக்கு பிளக்க புடுங்கினா வயித்துப் புள்ள எப்படி சார் போவும்? முட்டாத்தனம். எங்கப்பா இருந்தா செருப்பால அடிப்பாரு. பகல்ல எனக்கும் அப்படித்தான் தோணும்.

மூணு மாசம் கழிச்சு திண்டிவனம் போனேன். பொண்ணு தேறிட்டா ஐயான்னு சொன்னேன், நைனாரு உள்ள போயி ஒரு துண்டு வெல்லம் எடுத்தாந்து என் கையில வெச்சாரு. ரெட்டையா இருந்து ஒண்ணு போச்சுன்னு சொன்னேன், அவ்ளோதான். பிளக்கு விஷயத்த அன்னிக்கும் சொல்லல. அந்த கம்ப்யூட்டர தொறந்து போர்டு பூரா மீட்டர் வெச்சு பாத்தேன். ஒரு கோளாறு இல்ல. நாடாவ உருவிட்டு ப்ரோக்ராம்ல நிக்க வுட்டு ஒரு மணி நேரம் எதுத்தால உக்காந்தேன். நேம்னு கேட்டுக்கினு அப்படியே நின்னுது. அப்பாலயும் நாலு வருஷம் அது நல்லாத்தான் ஓடிச்சு. நைனாரு போனப்பறம் அவரு பையன் வந்து எல்லாத்தையும் பழைய சாமான்காரனுக்கு போட்டுட்டான்.

இத நான் சரோஜாகிட்ட சொன்னதே கெடையாது. நைனாரு சொல்லித்தான் பாண்டிக்கு கூட்டிக்கினு போனேன்னு மட்டும் தெரியும் அவளுக்கு. அவரு படம் ஒண்ணு வெச்சு கும்புடறா.

போன வருஷம் எம்பொண்ணுக்கு ஏழாவது மாசம், எங்க வூட்டுக்கு வந்திருந்தா. அம்மாவும் பொண்ணும் உக்காந்து பேசிக்கினு இருக்காங்க, நான் நாற்காலில சாஞ்சு கண்ண மூடிக்கினு இருந்தேன். புள்ள நல்லா அசையுதான்னு சரோஜா கேட்டா. அசையுதும்மான்னா எம்பொண்ணு. அப்ப சரோஜா சொன்னா, நீ இருந்தப்ப எனக்கு ரெண்டு பக்கமும் உதைக்கும்டி, வலது பக்கம் மெதுவா, இடது பக்கம் கொஞ்சம் முரடா, எனக்கு ரெட்டைன்னு தெரியாது, ஒரே புள்ளதான் அங்கயும் இங்கயும் ஓடுதுன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். ஒரு நாளு மத்தியானம் சோத்துல கைய வெக்கறேன், இடது பக்கம் ஒரு தபா பலமா உதைச்சிது. அதுதான், அப்பால அந்தப் பக்கம் அசையவே இல்ல. உங்க பாட்டி தெனமும் மணி ஒண்ணு ஆகப் போவுதுன்னாதான் சோறு போடுவாங்க, அதனால நேரம் கூட எனக்கு ஞாபகம் இருக்குது. வியாழக்கெழம அது, உங்கப்பா திண்டிவனம் போயிருப்பாருன்னு நெனைச்சிக்கினே கைய கழுவினேன்னா.

அப்பால என் பக்கம் திரும்பினா. முப்பது வருஷத்துல கேக்காதத அன்னிக்கு சாதாரணமா கேட்டா, அன்னிக்கு நைனார் வூட்லதான இருந்தீங்க, இன்னா வேலை பண்ணிக்கினு இருந்தீங்கன்னு.

கம்ப்யூட்டர் ரிப்பேருன்னேன்.

சரியாச்சான்னு கேட்டா.

ஆச்சுன்னு சொன்னேன்.